பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டும் லவுஞ்ச் வாசலும்: சென்னையிலிருந்து பறப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

பிசினஸ் கிளாஸ் டிக்கெட் கையில் இருந்தால், விமான நிலையத்தில் சாப்பாடும் ஓய்வும் கிடைக்கும் தனிக் காத்திருப்புக்கூடமான லவுஞ்ச் தானாகக் கிடைத்துவிடும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. உள்ளே விடுவார்களா, எந்த லவுஞ்சுக்கு விடுவார்கள், கூட வருகிறவரையும் சேர்த்து விடுவார்களா என்பதெல்லாம் விமான நிலையத்துக்குப் போன பிறகு முடிவாவதில்லை. டிக்கெட் வாங்கிய அன்றே முடிந்துபோன விஷயம் அது. வாசலில் நின்று வாதாடுகிறவர்களைக் கவனித்தால், பெரும்பாலும் விலையை மட்டும் பார்த்துவிட்டு விதியைப் பார்க்காமல் வாங்கியவர்களாகத்தான் இருப்பார்கள்.

யார் உள்ளே, யார் வெளியே என்ற இந்தக் கணக்கு லவுஞ்ச் பிறந்தபோதே பிறந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1939-இல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அட்மிரல்ஸ் கிளப்பைத் திறந்தது. விமான நிறுவனம் நடத்திய முதல் லவுஞ்ச் அதுதான். நிறுவனமே தேர்ந்தெடுத்து அழைத்தவர்களுக்கு மட்டும்தான் அங்கே இடம். இன்று அந்த அழைப்பு போர்டிங் பாஸின் பார்கோடுக்குள் இருக்கிறது.

சென்னையிலிருந்து தோகா, துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு வழியாக மேற்கேயோ கிழக்கேயோ போகிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். நம் ஊர்க்காரர்கள் பிசினஸ் கிளாஸில் அதிகம் போகும் வழிகள் இவைதான்.

டிக்கெட் வாங்கும்போதே

பிசினஸ் கிளாஸுக்குள்ளேயே இப்போது பல விலைப் படிகள் வந்துவிட்டன. கத்தார் ஏர்வேஸில் அடிப்படிக்கு ‘பிசினஸ் லைட்’ என்று பெயர். எமிரேட்ஸ் 2019-இல் ‘ஸ்பெஷல்’ என்ற கட்டணத்தைக் கொண்டுவந்தது. விமானத்துக்குள் அதே இருக்கை, அதே சாப்பாடு, அதே போர்வை. ஆனால் இந்த இரண்டு கட்டணங்களிலும் லவுஞ்ச் சேர்த்தி இல்லை. எமிரேட்ஸ் ஸ்பெஷலில் வீட்டிலிருந்து அழைத்துப்போகும் காரும் கிடையாது. உங்களிடம் உயர்நிலை உறுப்பினர் அட்டை இருந்தால் அதைக் காட்டி நுழையலாம். இல்லாவிட்டால் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

அதற்காக மலிவான கட்டணத்தை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தோகாவில் ஒன்றரை மணி நேர இடைவெளிதான் என்றால் லவுஞ்சைப் பார்க்கவே நேரம் இருக்காது, லைட் போதும். ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றால் கணக்கு மாறும். அடுத்த படிக்கு எவ்வளவு கூடுதல், பணம் கட்டி நுழைந்தால் எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயணத் தேதி மாற்றம், பணம் திரும்பக் கிடைப்பது போன்றவையும் மேல் படியில்தான் நன்றாக இருக்கும். எனவே லவுஞ்சை மட்டும் வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை.

எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் இருக்கும் பிரீமியம் எகானமி வேறு விஷயம். பெயரில் பிரீமியம் இருப்பதால் குழம்புகிறார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் எமிரேட்ஸிலும் அந்த டிக்கெட்டுக்கு லவுஞ்ச் கிடையாது. மற்ற பெரிய நிறுவனங்களிலும் பெரும்பாலும் அப்படித்தான்.

அடுத்து, டிக்கெட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதைவிட விமானத்தை யார் ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள். கத்தார் ஏர்வேஸின் எண்ணைத் தாங்கிய விமானம் உண்மையில் இண்டிகோ விமானமாக இருக்கலாம். ஒருவர் ஓட்டும் விமானத்தில் இன்னொருவர் தன் எண்ணைப் போட்டு டிக்கெட் விற்கும் கோட்ஷேர் ஒப்பந்தம் அவர்களுக்குள் உண்டு. லவுஞ்சுகளைப் பகிர்ந்துகொள்ளும் பெரிய விமான நிறுவனக் கூட்டணிகள் எதிலும் இண்டிகோ இல்லை; அதனால் கூட்டணி தரும் லவுஞ்ச் உரிமை அதில் கிடைக்காது. ‘இயக்குபவர்’ என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி டிக்கெட்டின் மற்ற எல்லா வரிகளையும்விட முக்கியம்.

டிக்கெட் விற்கும் இணையதளங்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. மேலே ‘பிசினஸ்’ என்று போட்டிருப்பார்கள். உள்ளே திறந்தால் சென்னையிலிருந்து கிளம்பும் குட்டிப் பயணம் மட்டும் எகானமியாக இருக்கும். கண்டம் விட்டுக் கண்டம் போகும் நீண்ட பயணம் பிசினஸாக இருந்து, அதே நாளில் அதே கூட்டணிக்குள் இணைப்பும் இருந்தால், சின்னப் பயணத்துக்கு முன்பும் லவுஞ்ச் கிடைப்பது வழக்கம். ஒன்வேர்ல்டு என்ற கூட்டணி இதை விதியாகவே வைத்திருக்கிறது. இந்தச் சலுகை வேண்டுமென்றால் இரண்டு பயணமும் ஒரே முன்பதிவில் இருப்பது நல்லது. மதுரையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ தனி டிக்கெட்டில் சென்னை வந்து சேர்கிறவர்களுக்கு, அந்த உள்நாட்டுப் பயணத்தில் எதுவும் கிடைக்காது. உங்கள் பெரிய டிக்கெட் அந்த உள்நாட்டு நிறுவனத்துக்கு யாரோ ஒருவருடைய டிக்கெட்.

பறந்து சேர்த்த புள்ளிகளான மைல்ஸைக் கொடுத்தோ ஏலத்தில் கேட்டோ எகானமியிலிருந்து மேலே போகிறவர்கள், லவுஞ்சும் அதில் சேருமா என்று மேம்படுத்துவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் போர்டிங் பாஸில் உள்ள வகுப்பை மட்டும் பார்க்கும். சில நிறுவனங்கள் முதலில் வாங்கிய கட்டணத்தைப் பார்க்கும். கேட்டில் கடைசி நிமிடத்தில் கிடைக்கும் மேம்பாட்டுக்கு இந்தக் கவலையே இல்லை. லவுஞ்சுக்குப் போக அப்போது நேரம் இருக்காது.

எந்தக் கூட்டணி, எந்தக் கதவு

மூன்று பெரிய கூட்டணிகள். ஸ்டார் அலையன்ஸில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, தாய், டர்கிஷ், யுனைடெட் ஆகியவற்றோடு 2014 முதல் ஏர் இந்தியாவும் இருக்கிறது. ஒன்வேர்ல்டில் கத்தார், பிரிட்டிஷ் ஏர்வேஸ், கேத்தே பசிபிக், மலேசியா ஏர்லைன்ஸ், 2014-இல் சேர்ந்த ஸ்ரீலங்கன். ஸ்கைடீமில் ஏர் பிரான்ஸ், கேஎல்எம், டெல்டா. எமிரேட்ஸும் எத்திஹாடும் எதிலும் சேராதவை. அவற்றின் டிக்கெட்டுக்கு அவர்கள் சொல்லும் லவுஞ்ச்தான்.

அடிப்படை விதி எளிது. கூட்டணி நிறுவனம் ஒன்றில் சர்வதேச பிசினஸ் டிக்கெட் இருந்தால், அன்று கிளம்பும் விமான நிலையத்தில் அதே கூட்டணியைச் சேர்ந்த வேறொரு நிறுவனத்தின் பிசினஸ் லவுஞ்சுக்கும் போகலாம். இதை நம்மவர்கள் பயன்படுத்துவதே இல்லை. லண்டன் ஹீத்ரோ டெர்மினல் 3 நல்ல எடுத்துக்காட்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ், கேத்தே பசிபிக், குவான்டாஸ், அமெரிக்கன் என்று ஒன்வேர்ல்டு நிறுவனங்களின் லவுஞ்சுகள் அங்கே அருகருகே இருக்கின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் டிக்கெட்டோடு வந்தவர் கேத்தேயில் உட்கார்ந்து சுடச்சுட நூடுல்ஸ் சாப்பிடலாம். செக்-இன் கவுன்ட்டரில் கொடுக்கும் சீட்டில் ஒரு லவுஞ்சின் பெயர் மட்டுமே இருக்கும். மற்றவற்றை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

விதிவிலக்குகள் அமெரிக்காவில்தான் அதிகம். அங்கே உள்நாட்டு விமானத்தின் முதல் வகுப்பு டிக்கெட்டை மட்டும் வைத்துக்கொண்டு அமெரிக்கன், யுனைடெட் லவுஞ்சுகளுக்குள் நுழைய முடியாது. அதே நாளில் சர்வதேச பிசினஸ் பயணத்தோடு இணைந்திருந்தால் கதை வேறு. யுனைடெட் 2016 டிசம்பரில் சிகாகோவில் தொடங்கிய போலாரிஸ் லவுஞ்சுகள் இன்னும் கறார். நீண்ட தூர பிசினஸ் டிக்கெட் வேண்டும். ஸ்டார் அலையன்ஸின் உயர்நிலை உறுப்பினர் அட்டையான ஸ்டார் கோல்டு அங்கே செல்லாது. லுஃப்தான்சா, ஏர் இந்தியா போன்ற கூட்டாளி நிறுவனங்களின் பிசினஸ் பயணிகளை, அந்த நீண்ட தூர விமானம் கிளம்பும் ஊரில் மட்டும்தான் விடுவார்கள். வழியில் விமானம் மாறும் ஊரில் விடமாட்டார்கள். உட்கார வைத்துப் பரிமாறும் சாப்பாடும் நல்ல ஷவரும் உள்ள இடம் என்பதால், தகுதி இருந்தும் பக்கத்திலுள்ள சாதாரண யுனைடெட் கிளப்புக்குள் போய்விடாதீர்கள்.

டிக்கெட்டுக்கும் அட்டைக்கும் உள்ள வித்தியாசம் தோகாவில் பளிச்சென்று தெரியும். பிசினஸ் டிக்கெட் வைத்திருப்பவருக்கு அல் முர்ஜான். எகானமியில் பறக்கும், சஃபயர், எமரால்டு என்ற ஒன்வேர்ல்டின் உயர்நிலை உறுப்பினர் அட்டைக்காரர்களுக்குத் தனித்தனி லவுஞ்சுகள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலும் அப்படித்தான்: பிசினஸ் டிக்கெட்டுக்கு சில்வர்கிரிஸ், வேற்று நிறுவனத்தின் ஸ்டார் கோல்டு அட்டைக்கு கிரிஸ்ஃப்ளையர் கோல்டு. இரண்டு தகுதியும் உள்ளவர் வாசலில் அட்டையை நீட்டாமல் போர்டிங் பாஸை நீட்ட வேண்டும்.

சென்னையில்: எதிர்பார்ப்பைக் குறையுங்கள்

சென்னையிலிருந்து கிளம்பும் வெளிநாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் பொது லவுஞ்சைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. ஆளுக்கு இவ்வளவு என்று லவுஞ்ச் நடத்துகிறவருக்கு நிறுவனம் பணம் கட்டிவிடும். வங்கி அட்டையைத் தேய்த்து வருகிறவரும் அதே அறைக்குத்தான் வருகிறார். நம் ஊரிலிருந்து கிளம்பும் சர்வதேச விமானங்கள் நள்ளிரவிலும் அதிகாலையிலும் குவிந்திருப்பதால், அந்த நேரத்தில் நாற்காலி பிடிப்பதே பெரும்பாடாகிவிடும்.

எனவே லவுஞ்சுக்காக என்று ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள். செக்-இன், குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடித்துவிட்டு மிஞ்சும் நேரத்துக்கு உள்ளே போனால் போதும். இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். சென்னை–சிங்கப்பூர் சுமார் நான்கு மணி நேரம், சென்னை–தோகா ஐந்து மணி நேரத்துக்குள். நடுராத்திரி விமானத்தில் ஏறி, பரிமாறும் சாப்பாட்டுக்காக விழித்திருந்தால் தூக்கம் இரண்டு மணி நேரம்கூடத் தேறாது. ஏறியவுடன் “சாப்பாட்டுக்கு எழுப்ப வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் படுக்கையை விரித்துவிடுவதே படுக்கைக்குக் கொடுத்த காசுக்கு நியாயம். குளியலும் விருந்தும் இறங்குகிற ஊரில் காத்திருக்கின்றன.

கவுன்ட்டரில் கேட்டு வாங்க வேண்டியது இரண்டு. சென்னை லவுஞ்சுக்கான அழைப்புச் சீட்டு கொடுக்கும் நிறுவனமாக இருந்தால் அது. இரண்டாவது விமானத்துக்கான போர்டிங் பாஸ். பின்னது இல்லாவிட்டால் இடையில் இறங்கும் ஊரில் முதலில் ட்ரான்ஸ்ஃபர் கவுன்ட்டரில் வரிசையில் நிற்க வேண்டிவரும்.

விமானம் மாறும் ஊரின் ட்ரான்சிட் லவுஞ்ச்: காசுக்கு மதிப்பு இங்கேதான்

விமான நிறுவனம் தன் சொந்த ஊரில் நடத்தும் லவுஞ்ச்தான் அதன் முழு வலிமையையும் காட்டும் இடம். ஊர் ஊராகச் சொல்கிறேன்.

தோகா ஹமத் விமான நிலையத்தில் இரண்டு அல் முர்ஜான் லவுஞ்சுகள் உண்டு. தெற்கே இருப்பது பழையது. நிலையத்தின் நடுவில் விளக்கை முதுகில் தாங்கி உட்கார்ந்திருக்கும் பெரிய மஞ்சள் கரடிச் சிலைக்கு அருகிலிருந்து மேலே போக வேண்டும். சுமார் 10,000 சதுர மீட்டர் பரப்பு, நடுவே நீண்ட நீர்த் தடாகம், மாடியில் உணவகம். வடக்கே இருக்கும் ‘கார்டன்’ 2023-இல் திறந்தது. கீழே உள்ள உள்ளரங்கத் தோட்டத்தைப் பார்த்தபடி உட்காரலாம். பெரும்பாலானோர் வழியில் முதலில் தென்படும் தெற்கு லவுஞ்சுக்குள் நுழைந்துவிடுவார்கள். எனக்குக் கார்டன்தான் பிடிக்கும். நடக்க வேண்டும், ஆனால் போய்ச் சேர்ந்தால் அமைதி அதிகம். இரண்டிலும் ஓய்வறைகள் இருக்கின்றன; வரவேற்பில் பெயர் கொடுத்துக் கேட்க வேண்டும். கதவிலேயே யாரும் நீட்ட மாட்டார்கள்.

துபாய் டெர்மினல் 3-இல் ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகளிலும் எமிரேட்ஸ் லவுஞ்சுகள் உண்டு. 2013-இல் திறந்த ஏ பிரிவு, இரட்டைத் தள ஏ380 விமானங்களுக்காகவே கட்டப்பட்டது. அங்கே லவுஞ்ச் ஒரு தளம் முழுவதும் நீண்டு கிடக்கிறது. பல கேட்களில் லவுஞ்சிலிருந்தே நேராக விமானத்தின் மேல்தளத்துக்குள் ஏறிவிடலாம். இந்த வசதி பிடித்துப்போய் பி-யில் கிளம்பும் விமானத்துக்கு ஏ-வில் போய் உட்காராதீர்கள். இரண்டுக்கும் நடுவே ரயிலில் போய்வர வேண்டும். கேட் எந்தப் பிரிவு என்று பலகையைப் பார்த்துவிட்டு அந்தப் பிரிவின் லவுஞ்சைத் தேர்ந்தெடுங்கள்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சாங்கி டெர்மினல் 3-இல் உள்ள லவுஞ்சுகளைப் புதுப்பிக்க 5 கோடி சிங்கப்பூர் டாலர் செலவிடுவதாக 2019-இல் அறிவித்து, 2022-இல் முழுதாகத் திறந்தது. படுத்து ஓய்வெடுக்கத் தனிப் பகுதியும் ஷவர்களும் இருக்கின்றன. லக்சா போன்ற உள்ளூர்ச் சாப்பாடு இருக்கும் நேரத்தில் சாண்ட்விச் பக்கம் போக வேண்டாம். ஆனால் சாங்கியில் கவனமாக இருக்க வேண்டிய ஒன்று உண்டு: டெர்மினல் 1, 2, 3-இல் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான் நடக்கும். கேட் மூடும் நேரத்தைக் கணக்குப் போட்டு லவுஞ்சில் உட்கார்ந்திருந்தால் அந்த வரிசை உங்களைப் பதறவைத்துவிடும். லவுஞ்சில் எடுத்த தண்ணீர் பாட்டிலையும் அங்கே பறித்துக்கொள்வார்கள்.

கோலாலம்பூரில் மலேசியா ஏர்லைன்ஸின் கோல்டன் லவுஞ்ச். நீண்ட தூர விமானங்கள் கிளம்பும் சேட்டிலைட் கட்டடத்தில் ஒன்று இருக்கிறது. அதையும் பிரதான கட்டடத்தையும் இணைக்கும் ஏரோட்ரெயின் 2023-இல் நின்றுபோய் 2025 ஜூலையில் மறுபடி ஓடத் தொடங்கியது. கொழும்பில் ஸ்ரீலங்கனின் செரண்டிப் லவுஞ்ச். திருச்சி, மதுரையிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் வழியாகப் போகிறவர்களுக்குச் சென்னை வரவேண்டிய வேலையே இல்லை என்பதுதான் அந்த வழியின் பெரிய லாபம்.

சரி, உள்ளே நுழைந்தாயிற்று. எதை முதலில் செய்வது?

ஷவர். வேறு எதையும் தொடுவதற்கு முன் ஷவருக்குப் பெயர் கொடுங்கள். இந்தியாவிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் வளைகுடா ஊர்களில் அதிகாலையில் கொத்தாக இறங்கும். எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் வரிசை ஒரு மணி நேரம் தள்ளிப்போயிருக்கும். பெயர் கொடுத்துவிட்டால் காத்திருக்கும் நேரத்தில் காபியை முடித்துவிடலாம். துண்டு, சோப்பு, ஷாம்பூ அங்கேயே தருவார்கள். நீங்கள் எடுத்துப்போக வேண்டியது மாற்று உடையும் சீப்பும். மாற்று உடையைச் செக்-இன் பெட்டிக்குள் வைத்துவிட்டால் குளித்தும் பழைய சட்டைதான். தேங்காய் எண்ணெய் எடுத்துப்போகிறவர்கள் 100 மில்லி விதியை நினைவில் வையுங்கள்.

அடுத்தது சாப்பாடு. முதலில் பஃபே முழுவதையும் தட்டில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்கு ஓடுகிறவர்போல வாசலுக்கருகே கிடைத்ததை வாரிப் போட்டுக்கொண்டால், உள்ளே ஆள் நின்று சுடச்சுடச் சமைத்துக் கொடுக்கும் இடம் இருப்பதே தெரியாமல் போய்விடும். பெரிய லவுஞ்சுகளில் மெனுவைப் பார்த்துச் சொல்லி வரவழைக்கும் பகுதியும் இருக்கும். அடுத்த விமானம் இரவு விமானமா? அப்படியானால் தரையிலேயே சாப்பிட்டுவிட்டு மேலே தூங்குங்கள். பகல் விமானமா? லேசாக நிறுத்திக்கொள்ளுங்கள், மேலே பொழுதுபோக்கே சாப்பாடுதான். தோகா–லண்டன் ஏழு மணி நேரச் சொச்சம், சிங்கப்பூர்–லண்டன் பதினான்கு மணி நேரம். இரண்டுக்கும் ஒரே திட்டம் ஒத்துவராது.

சைவர்களுக்கு ஒரு செய்தி. டிக்கெட்டில் நீங்கள் பதிவு செய்த இந்துச் சைவ உணவு, சமண உணவு எல்லாம் விமானத்துக்குள் ஏறும் தட்டுக்கு மட்டும்தான். லவுஞ்ச் சமையலறைக்கு அந்தத் தகவல் போவதில்லை. பெயர் அட்டையில் ‘காய்கறி சூப்’ என்றிருந்தாலும் அது காய்கறி வெந்த நீரில் கொதித்ததா, இறைச்சி வெந்த நீரில் கொதித்ததா என்று பணியாளரிடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். வளைகுடா லவுஞ்சுகளில் இந்தியப் பயணிகள் அதிகம் என்பதால் பருப்பும் சோறும் கிடைப்பது சுலபம். கிழக்கே போகப் போகக் கேள்விகள் கூடும்.

பிறகுதான் தூக்கம், வேலை, போன். இந்த ஊர்களில் எல்லாம், அதாவது சிங்கப்பூர், மலேசியா, கத்தார், துபாய், லண்டன், ஹாங்காங்கில், சுவரில் இருப்பது மூன்று தட்டைக் கால் சொருகும் பிளக். நம் உருண்டைக் கால் சார்ஜர் அதில் போகாது. ஒரே ஒரு அடாப்டர் வாங்கினால் அத்தனை ஊருக்கும் ஆகும்; அதைக் கைப்பையில் வையுங்கள். தூங்குவதாக இருந்தால் அலாரம் வைத்துவிட்டுத் தூங்குங்கள். பெரும்பாலான பெரிய லவுஞ்சுகளில் ஏறும் அறிவிப்பு செய்வதில்லை. எழுப்புவார்கள் என்று நம்பித் தூங்கினால் விமானம் போய்விடும். அலாரத்தைப் போனில் வைக்கும்போது போன் எந்த ஊர் நேரம் காட்டுகிறது என்றும் பாருங்கள்; வைஃபை இணையாத போன் இன்னும் சென்னை நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு என்றால் சோபாவில் படுப்பதற்கு முன் நிறுவனம் ஓட்டல் அறை தருகிறதா என்று பாருங்கள். எமிரேட்ஸில் ‘துபாய் கனெக்ட்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. அதைவிடக் குறைந்த இடைவெளியில் இணைப்பு விமானம் இல்லாதபோது, தகுதியுள்ள டிக்கெட்டுக்கு அறை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் அவர்கள் பொறுப்பு. இதைப் பயணத்துக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். இறங்கிய பிறகு கேட்டால் கிடைக்கும் என்று இருக்காதீர்கள்.

முதல் வகுப்பு என்றால்

முதல் வகுப்புக்குக் கதவே தனி. தோகாவில் அல் சஃப்வா, சாங்கியில் பிரைவேட் ரூம், ஹீத்ரோ டெர்மினல் 5-இல் கான்கார்ட் ரூம். பிசினஸ் டிக்கெட்டை வைத்துக்கொண்டு இவற்றின் வாசலில் நிற்பதில் பயனில்லை. எல்லாவற்றையும் தாண்டி நிற்பது ஃபிராங்க்ஃபர்ட்டில் லுஃப்தான்சா 2004-இல் திறந்த முதல் வகுப்பு டெர்மினல். தனிக் கட்டடம், தனிப் பாதுகாப்புச் சோதனை, குளியல் தொட்டி. நேரம் ஆனதும் கீழே காரில் ஏற்றி விமானத்தின் காலடியிலேயே கொண்டுபோய் விடுவார்கள். குளியல் தொட்டியோடு கொடுக்கும் ரப்பர் வாத்தைச் சேகரிப்பதற்கென்றே உலகத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது. பணம் உள்ளவர்களின் பொழுதுபோக்கு எப்படியெல்லாம் இருக்கிறது பாருங்கள்.

குடும்பத்தோடும், பெற்றோரோடும்

ஸ்டார் அலையன்ஸிலும் ஒன்வேர்ல்டிலும் பிசினஸ் டிக்கெட் உள்ளவர் விருந்தினரை அழைத்துப்போக முடியாது. முதல் வகுப்புப் பயணி ஒருவரை அழைத்துப்போகலாம். ஸ்டார் கோல்டு, ஒன்வேர்ல்டு சஃபயர், எமரால்டு அட்டைக்காரர்களும் ஒருவரை அழைக்கலாம். அந்த ஒருவரும் அன்று அந்தக் கூட்டணி விமானத்தில் பறப்பவராக இருக்க வேண்டும். ஆக, அலுவலகம் கொடுத்த பிசினஸ் டிக்கெட்டில் கணவர், சொந்தக் காசில் எகானமியில் மனைவியும் பிள்ளையும் என்றால் அட்டை ஒன்று இல்லாமல் அவர்கள் சேர்ந்து உள்ளே போக முடியாது. எமிரேட்ஸ் போன்ற சில நிறுவனங்கள் பணம் கட்டி விருந்தினரைச் சேர்த்துக்கொள்ள விடுகின்றன. இல்லையென்றால் எல்லோரும் வெளியே ஒன்றாக உட்கார்ந்திருப்பதுதான் வீட்டில் சமாதானத்துக்கு நல்லது.

இதைவிட நம் வீடுகளில் அதிகம் நடப்பது, அமெரிக்காவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகள் வயதான பெற்றோருக்கு பிசினஸ் டிக்கெட்டும் வீல்சேர் உதவியும் எடுத்து அனுப்புவது. படுத்துக்கொண்டு வரட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் ட்ரான்சிட்டில் வீல்சேர் தள்ளும் பணியாளருக்கு அவர்கள் பிசினஸ் பயணிகள் என்பது மனதில் இருக்காது. வீல்சேர்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய காத்திருப்புப் பகுதியில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு அடுத்தவரை அழைத்துவரப் போய்விடுவார். அம்மாவும் அப்பாவும் கேட்கத் தயங்கி, அங்கேயே நான்கு மணி நேரம் பிஸ்கட்டோடு உட்கார்ந்திருப்பார்கள்.

இதைத் தவிர்க்க, ஒரு தாளில் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கையில் கொடுங்கள்: லவுஞ்சின் பெயர், அங்கே கொண்டுபோய் விட வேண்டும் என்ற கோரிக்கை, அடுத்த விமானத்தின் எண், எத்தனை மணிக்குத் திரும்ப அழைக்க வர வேண்டும் என்பது. விமானத்தைவிட்டு இறங்கும்போதே பணியாளரிடம் தாளைக் காட்டச் சொல்லுங்கள். லவுஞ்சில் நுழைந்ததும் வரவேற்பில் அதே தாளைக் காட்டி, வீல்சேருக்கு அவர்களையே சொல்லிவிடச் சொல்லுங்கள். கழிப்பறை பக்கத்தில் இருக்கிற நாற்காலியாகப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். பெரிய லவுஞ்சுகளில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நல்ல நடை. மாத்திரை, மூக்குக்கண்ணாடி, பாஸ்போர்ட் மூன்றும் தோளில் மாட்டும் சின்னப் பையில் இருக்கட்டும். பெரிய கைப்பை நாற்காலியோடு போய்விடும்.

வாசலில் மறுத்தால்

குரலை உயர்த்த வேண்டாம். வரவேற்பில் நிற்பவருக்கு விதியை மாற்றும் அதிகாரம் இல்லை. கணினி சிவப்புக் காட்டுகிறது, அவ்வளவுதான். “எந்தக் காரணத்தால் தகுதி இல்லை என்று வருகிறது?” என்று கேளுங்கள். பதிலைப் பொறுத்து வழி பிரியும். கட்டணப் படிதான் காரணம் என்றால் பணம் கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். கூட்டாளி நிறுவனத்தின் டிக்கெட் என்பதால் கணினி படிக்கவில்லை என்றால், கூட்டணியின் இணையதளத்தில் லவுஞ்ச் விதி உள்ள பக்கத்தைப் போனில் திறந்து காட்டுங்கள். ஸ்டார் அலையன்ஸும் ஒன்வேர்ல்டும் ஊர்வாரியாகவே பட்டியல் வைத்திருக்கின்றன. இடம் நிறைந்துவிட்டது என்றால் வேறு எந்த லவுஞ்சுக்கு அனுப்ப முடியும் என்று கேளுங்கள். எதுவும் நடக்காவிட்டால் நேரத்தையும் லவுஞ்சின் பெயரையும் குறித்துக்கொண்டு, ஊர் திரும்பியதும் டிக்கெட் விற்ற நிறுவனத்துக்கு எழுதுங்கள். தகுதி இருந்தும் மறுக்கப்பட்டதென்றால் மைல்ஸாகவாவது ஏதாவது கேட்டுப் பெற நியாயம் உண்டு.

உள்ளே இருக்கும்போது நடந்துகொள்ளும் விதம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீடியோ காலை ஸ்பீக்கரில் போட்டு மொத்தக் குடும்பத்துக்கும் லவுஞ்சைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் மட்டும் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் போதும்.

இறங்கிய பிறகும் ஒன்று உண்டு

லவுஞ்ச் என்றாலே கிளம்பும்போதுதான். வந்து இறங்கிய பிறகு கூட்டணி விதிகள் பொதுவாக உதவாது. ஆனால் சில நிறுவனங்கள் சொந்த ஊரில் வருகை லவுஞ்ச் வைத்திருக்கின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு ஹீத்ரோ டெர்மினல் 5-இல் ஒன்று இருக்கிறது. நீண்ட தூர விமானத்தில் பிசினஸிலும் முதல் வகுப்பிலும் வந்து இறங்கியவர்களுக்கு ஷவரும் காலை உணவும் கிடைக்கும். இரவெல்லாம் பறந்துவந்து, ஓட்டல் அறை மதியம்தான் கிடைக்கும் என்றிருப்பவர்களுக்கும், நேராக அலுவலகக் கூட்டத்துக்குப் போக வேண்டியவர்களுக்கும் இதைவிட வசதி வேறில்லை. குடியேற்றம், சுங்கம் எல்லாம் முடித்து வெளியே வந்த பிறகுதான் அதன் வாசல் வரும், பிற்பகலில் மூடிவிடுவார்கள். அங்கே கேட்பது வந்த விமானத்தின் போர்டிங் பாஸை. எனவே கசங்கிய அந்தத் தாளை இருக்கைப் பையில் விட்டுவிட்டு இறங்கிவிடாதீர்கள்.